காளை மச்சான், கரடி சித்தப்பா, நடுவில் நாலு லட்சம்

2025 ஏப்ரலில் எனக்குச் சீட்டு விழுந்தது. கழிவு போக நாலு லட்சம் கைக்கு வந்தது. மண்டபத்தில் நாலைந்து விசைப்படகுகளுக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரையேறி மராமத்துக்குப் போய்விடும், எழுதக் கணக்கும் இருக்காது. ஆக, கையில் பணமும் இருக்கிறது, யோசிக்க நேரமும் இருக்கிறது. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் ஆபத்துதான்.

சரியாக அந்த நேரம் பார்த்து ஏப்ரல் 7 வந்தது. முந்தின நாள் ராமநவமி, ஞாயிற்றுக்கிழமை, பிரதமர் வந்து புதிய பாம்பன் பாலத்தைத் திறந்துவைத்துவிட்டுப் போயிருந்தார். திங்கட்கிழமை காலை டீக்கடையில் எல்லோரும் தூக்குப்பாலம் மேலே ஏறுகிற வீடியோவைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் பங்கு மார்க்கெட் கீழே இறங்குகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்கா உலகத்துக்கே வரி போட்ட கலவரத்தில், பெரிய கம்பெனிகளின் பங்கு விலையைச் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டுகிற சென்செக்ஸ் குறியீடு ஒரு கட்டத்தில் 3,900 புள்ளிக்கு மேல் விழுந்தது. அதே மாதிரி இன்னொரு குறியீடான நிஃப்டி 21,743 வரை போய் சாயங்காலம் 22,161-இல் முடிந்தது. பத்து மணிக்குள் எனக்கு இரண்டு போன்.

முதல் போன் பாம்பனிலிருந்து மச்சான். விசைப்படகு வைத்திருக்கிறார், 2021 முதல் பங்கு வாங்குகிறார். "மாப்பிள, சீட்டுப் பணம் வந்திருச்சுல்ல, மொத்தத்தையும் இன்னைக்கே அள்ளிப் போடு, இந்த விலை இனிமே கெடைக்காது." இரண்டாவது போன் ராமநாதபுரத்திலிருந்து சித்தப்பா, கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். "டேய் தம்பி, நான்தான் சொன்னேனே. இது ஆரம்பம்தான். இன்னும் பாதி இறங்கும். பணத்தை பேங்க்ல போட்டுட்டு பேசாம இரு."

இரண்டு பேரும் பார்த்தது ஒரே திரை, ஒரே எண். நான் அன்றைக்குக் கவனித்த விஷயம் வேறு. மச்சான் கையில் இருப்பதெல்லாம் பங்கு, சித்தப்பா கையில் இருப்பதெல்லாம் டெபாசிட்டும் தங்கமும். ஏறும் என்று நம்புகிறவனைக் காளை, இறங்கும் என்று நம்புகிறவனைக் கரடி என்பார்கள் சந்தையில். மார்க்கெட் ஏறினால் மச்சான் புத்திசாலி, இறங்கினால் சித்தப்பா புத்திசாலி. எதை வாங்கி வைத்திருக்கிறோமோ அதற்குச் சாதகமான செய்திதான் நம் காதில் விழும். அதனால் "ஏறுமா, இறங்குமா" என்று இவர்களிடம் கேட்பதில் பிரயோசனம் இல்லை. யார் தப்பானால் எனக்கு எவ்வளவு நஷ்டம், தப்பானது தெரிந்த பிறகு அந்த ஆள் என்ன செய்வார் என்று பார்த்தால்தான் ஒப்பிட முடியும் என்று தோன்றியது.

மச்சானிடம் இருந்து தொடங்குகிறேன். அவர் வழி என்றால் நாலு லட்சமும் ஒரே நாளில் பங்குக்குள். கணக்காகப் பார்த்தால் இது மோசமான வழி கிடையாது. நீண்ட காலத்தில் மார்க்கெட் இறங்கியதைவிட ஏறியதுதான் அதிகம், அதனால் பணத்தைத் துண்டு துண்டாகப் போடுவதைவிட மொத்தமாகப் போடுவதுதான் பெரும்பாலும் ஜெயித்திருக்கிறது. மச்சானின் திசை சரிதான். அதில் போகிற மச்சான்தான் பிரச்சினை. 2021-இல் அவர் உள்ளே வந்தார். அந்த வருடம் எதை வாங்கினாலும் ஏறியது. லாபம் வந்ததும் "நான் கண்டுபிடிச்சேன் பாத்தியா" என்றார். பின்னால் நஷ்டம் வந்தபோது "ஆபரேட்டர் இறக்கிட்டான்" என்றார், அதாவது யாரோ வேண்டுமென்றே விலையை இறக்கிவிட்டானாம். லாபத்துக்கு அவர் பெயர், நஷ்டத்துக்கு யார் பெயரோ. இப்படிக் கணக்கு எழுதினால் எந்தப் படகும் நஷ்டத்தில் ஓடாது.

இன்னொன்று, ஏறின பங்கை உடனே விற்றுவிடுவார், இறங்கினதை வைத்துக்கொண்டே இருப்பார். "விக்காத வரைக்கும் நஷ்டம் இல்ல மாப்பிள." இது அவருக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல, ஷெஃப்ரின், ஸ்டாட்மன் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1985-லேயே இதற்கு ஒரு பெயர் வைத்து எழுதிவிட்டார்கள். ஆனால் எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், இதே மச்சான் மீனில் இப்படிச் செய்யவே மாட்டார். கரையில் ஏலம் நடக்கும்போது நான் பக்கத்தில் நோட்டோடு நிற்பவன். கூடையில் காரல் கொஞ்சம் மெத்தென்று ஆகியிருந்தால், கண் சிவந்திருந்தால், வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, நல்ல சீலாவுக்குத்தான் ஐஸ் வைப்பார், மறுநாள் விலை வரும் என்று. பங்குகளை வைத்திருக்கிற டீமேட் கணக்கில் மட்டும் சீலாவை விற்றுவிட்டு நாறின காரலுக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒருநாள் இதைச் சொன்னேன். சிரித்தார், ஆனால் விற்கவில்லை.

நான் மட்டும் ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. 2024 செப்டம்பரில் நிஃப்டி 26,277 தொட்டபோது ஊரே காளை, டீ ஆற்றுகிற பையன்கூட எந்த பங்கு என்று கேட்டான். நானும் ஒரு சின்னக் கம்பெனியை யாரோ சொன்னார்கள் என்று 140-க்கு வாங்கினேன். 110-க்கு வந்ததும் இன்னும் கொஞ்சம் வாங்கி ஆவரேஜ் செய்தேன், அதாவது வாங்கின சராசரி விலையைக் குறைத்தேன், 85-க்கும் செய்தேன். அந்தக் கம்பெனி என்ன தயாரிக்கிறது என்று 85-க்கு வந்த பிறகுதான் தேடிப் பார்த்தேன். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை ஐந்து மாதம் நிஃப்டி தொடர்ந்து இறங்கியது, உச்சத்திலிருந்து ஏப்ரல் 7 அடிமட்டம் வரை சுமார் 17 சதவீதம்; சின்னப் பங்குகளின் கதி அதைவிட மோசம். அந்த ஐந்து மாதமும் நான் படித்ததெல்லாம் "விரைவில் மீளும்" என்கிற செய்திகள்தான். மற்றதைத் திறக்கக்கூட மனசு வரவில்லை.

மச்சானிடம் இன்னொரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதைக் கடற்கரைக்காரர்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். "நமக்குத் தெரிஞ்ச தொழில்" என்று இறால் ஏற்றுமதி செய்கிற கம்பெனிப் பங்கைத்தான் அதிகம் வாங்கிவைத்திருந்தார். கேட்க நியாயமாக இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீதம் வரி என்றதும், இறால் எடுக்கிறவர்கள் கரையில் விலையைக் குறைத்துக் கேட்டார்கள், அந்தப் பங்கும் இறங்கியது. படகு வருமானமும் சேமிப்பும் ஒரே நேரத்தில் அடிவாங்கின. தெரிந்த தொழில் என்பதால் ஆபத்து குறையவில்லை, இரண்டு மடங்கானது. நங்கூரத்தையும் படகையும் ஒரே பாறையில் மோதவிட்ட மாதிரி.

சரி, சித்தப்பா. அவரைக் கிண்டல் செய்வது சுலபம், அதனால் முதலில் அவர் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர் பிறந்தது தனுஷ்கோடியில். 1964 டிசம்பர் புயலில் ஊர் ஒரே ராத்திரியில் போனபோது அவருக்கு எட்டு வயது. ரயில்நிலையம், தபால் ஆபீஸ், கோயில், சர்ச் எல்லாம் இருந்த ஊர் மறுநாள் காலையில் மணலாகக் கிடந்ததைப் பார்த்த பையன் "இன்னும் பாதி இறங்கும்" என்று சொன்னால் அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. அப்புறம் தொண்ணூறுகளில் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் போட்ட பணம் திரும்பி வரவில்லை. நஷ்டத்தின் வலி அதே அளவு லாபத்தின் சந்தோஷத்தைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பது கானமன், ட்வெர்ஸ்கி இருவரும் 1979 முதல் செய்த ஆய்வுகளின் முடிவு, கானமனுக்கு 2002-இல் நோபல்கூடக் கிடைத்தது. சித்தப்பாவைப் பார்த்திருந்தால் மூன்று மடங்கு என்று எழுதியிருப்பார்கள்.

ஆனால் அவர் வழிக்கும் செலவு உண்டு, அந்தச் செலவு எந்தப் பாஸ்புக்கிலும் பதிவாகாது, அதுதான் அதில் மோசம். 2020 மார்ச் 24 அன்று கொரோனா பயத்தில் நிஃப்டி 7,511 வரை போனது. சித்தப்பா அப்போது "5,000 வரும், அப்ப பாப்போம்" என்றார். வரவில்லை. அதே வருடம் நவம்பரில் 12,500-ஐத் தாண்டியபோது "பழைய இடத்துக்கு வந்துருச்சு, இனி விழும்" என்றார். 2021 அக்டோபரில் 18,600. 2022 ஜூனில் விழுந்தது, விழுந்து எங்கே நின்றது? 15,183. அவர் பயந்து விலகி நின்ற 12,500-க்கு அது திரும்பவே இல்லை. உலகமே அழிகிறது என்று அவர் எனக்குப் போன் செய்த ஏப்ரல் 7-இன் அடிமட்டமே 21,743, அதாவது அவர் வேண்டாம் என்ற விலையைவிட எழுபது சதவீதத்துக்கு மேல் உயரத்தில். அவர் சொன்ன இறக்கமெல்லாம் வந்தது, அவர் சொன்ன விலைக்குத்தான் வரவில்லை. அந்த நாலரை வருடத்தில் டெபாசிட் வட்டி சேர்ந்து 25, 30 சதவீதம் கிடைத்திருக்கும், அதையும் கழித்துவிட்டுத்தான் பார்க்கவேண்டும், நியாயம் நியாயம்தானே. கழித்த பிறகும் இடைவெளி பெரிது.

இது சித்தப்பாவுக்கு மட்டும் நடந்ததா? அமெரிக்க மத்திய வங்கித் தலைவராக இருந்த கிரீன்ஸ்பானே 1996 டிசம்பரில் சந்தையின் உற்சாகம் அறிவுக்குப் பொருந்தாததாக இருக்கலாம் என்கிற மாதிரி எச்சரித்தார். அப்போது எஸ் அண்ட் பி 500 குறியீடு 744 பக்கம். அது 2000 மார்ச் வரை ஏறியது, அப்புறம் பயங்கரமாக விழுந்தது, 2002 அக்டோபர் அடிமட்டத்தில் முடிவடைந்த எண் 776. எச்சரிக்கை வந்த நாளைவிட அந்த அடிமட்டமே மேலே. 744-க்குக் கீழே முடிவடைய 2009 வரை ஆனது. சரியாகச் சொல்வதும் சரியான நேரத்தில் சொல்வதும் வேறு வேறு.

கரடி பேச்சு காளை பேச்சைவிடப் புத்திசாலித்தனமாகக் கேட்கும் என்பதையும் கவனித்திருக்கிறேன். "ஏறும்" என்பவன் பேராசைக்காரன் மாதிரித் தெரிவான், "ஆபத்து இருக்கு" என்பவர் அனுபவசாலி மாதிரித் தெரிவார். எனக்கே அப்படித்தான் இருந்தது. கூட்டத்தில் வைத்து சித்தப்பா பேசினால் மச்சான் வாயைத் திறக்கமாட்டார்.

இருவர் ஞாபகமும் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 2024 ஜூன் முதல் வாரம் போதும். தேர்தல் கணிப்பைப் பார்த்து திங்கட்கிழமை நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறியது. செவ்வாய், வாக்கு எண்ணிக்கை நாள், ஏறத்தாழ 6 சதவீதம் விழுந்து 21,884. வெள்ளிக்கிழமை 23,290, திங்கட்கிழமையைவிடக் கொஞ்சம் மேலே. ஐந்தே நாள். சித்தப்பாவுக்கு அந்த வாரத்தில் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் ஞாபகம். மச்சானுக்கு வெள்ளிக்கிழமை மட்டும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

மூன்றாவதாக ஒரு யோசனை எனக்கே வந்தது: ஊர் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் நின்றால் என்ன? இதற்கும் ஆதாரம் இருக்கிற மாதிரிதான் தெரிகிறது. அமெரிக்காவில் தனிநபர் முதலீட்டாளர் சங்கம் ஒன்று 1987 முதல் வாராவாரம் உறுப்பினர்களிடம் அடுத்த ஆறு மாதம் ஏறுமா இறங்குமா என்று கேட்கிறது. 2000 ஜனவரியில் 75 சதவீதம் பேர் ஏறும் என்றார்கள், இரண்டு மாதத்தில் சந்தை உச்சியிலிருந்து உருண்டது. 2009 மார்ச் 5-இல் 70 சதவீதம் பேர் இறங்கும் என்றார்கள், நாலே நாளில் அடிமட்டம் முடிந்து ஏற ஆரம்பித்தது. நம் ஊரிலும் பயத்தை அளக்கிற இந்தியா விக்ஸ் 2020 மார்ச்சில் 80-ஐத் தாண்டியபோது வாங்கியவன் இன்றைக்கும் ராஜா. ஆனால் இந்த மாதிரி நாள் பத்து வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ. மற்ற வாரமெல்லாம் எண் நடுவிலேயே கிடக்கும், அதை வைத்து ஒரு கிலோ நெத்திலிகூட வாங்க முடியாது. அதோடு, எல்லோரும் அலறுகிற நாளில் என் கை வாங்குமா? ஏப்ரல் 7 அன்று பணம் கையில் இருந்தும் வாங்கவில்லை. அதற்கு மேல் என்ன சொல்ல.

நாலாவது வழி, இரண்டு பக்கமும் விளையாடுவது. எங்கள் தெருவில் ஒரு தம்பி காலை 9.15-க்குக் கட்டிலிலேயே படுத்தபடி ஆப்ஷன் வாங்கி 11 மணிக்கு எழுந்திருப்பான். ஆப்ஷன் என்பது குறித்த தேதிக்குள் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தருகிற ஒப்பந்தம்; ஏறும் என்று நினைப்பவன் வாங்குவது 'கால்', இறங்கும் என்று நினைப்பவன் வாங்குவது 'புட்'. ஏறினால் கால், இறங்கினால் புட், எனக்குப் பாரபட்சமே இல்லை அண்ணே என்பான். பங்குச்சந்தையைக் கண்காணிக்கிற செபி அமைப்பு 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில் முந்தைய மூன்று நிதியாண்டுகளில் இந்த வகை வியாபாரம் செய்த தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல், அதில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், சராசரி தலைக்கு இரண்டு லட்சம் ரூபாய், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். இதை அவனிடம் காட்டினேன். "மிச்ச ஏழு பேர்ல நான் இருக்கேன்ல" என்றான். 93 பேரும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். இதை நான் ஐந்து நிமிடத்துக்கு மேல் யோசிக்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும், நம்மைப் போன்ற சின்ன ஆளுக்குக் கரடியாக வியாபாரம் செய்வது காளையைவிடக் கஷ்டம். பங்கைக் கையில் வைத்திருப்பவன் தப்பானாலும் காத்திருக்கலாம், நடுவில் கம்பெனி லாபத்தில் தருகிற டிவிடெண்டும் வரும். விலை இறங்கியதும் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று கையில் இல்லாத பங்கை விற்றவன் சாதாரணச் சந்தையில் அன்றைக்கே முடித்துக்கொள்ள வேண்டும், புட் வாங்கினவனுக்கோ தேதி போட்டுவிடுவார்கள். வாங்கினவனின் நஷ்டம் போட்ட பணத்தோடு நிற்கும், விற்றவனுக்கு மேலே கூரையே கிடையாது. அதனால் சித்தப்பா மாதிரி ஒதுங்கி நிற்கிற கரடி வேறு, பணம் கட்டுகிற கரடி வேறு. இவர்களை ஒன்றாகப் பேசுவதில்தான் பாதிக் குழப்பம்.

ஐந்தாவது வழி எனக்கு மச்சானிடமிருந்தே கிடைத்தது, அவருக்கே தெரியாமல். விசைப்படகு கடலுக்குப் போகவேண்டுமானால் மீன்வளத்துறையில் டோக்கன் வாங்கவேண்டும். காற்று பலமாக இருக்கிறது, பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியாகிவிட்டது என்றால் டோக்கன் கிடையாது. அன்றைக்கு மச்சானுக்குக் கடல் எப்படித் தெரிகிறது, போன தடவை எவ்வளவு இறால் பட்டது, பக்கத்துப் படகுக்காரன் என்ன சொன்னான் என்று யாரும் கேட்பதில்லை. போகலாம் என்றால் போகலாம், இல்லை என்றால் வலையைத் தைத்துக்கொண்டு உட்காரவேண்டும். முப்பது வருடமாக இதற்குக் கட்டுப்பட்ட மனுஷர் டீமேட் கணக்கில் மட்டும் டோக்கன் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறார்.

ஆக நான் எனக்கே ஒரு டோக்கன் போட்டுக்கொண்டேன். நாலு லட்சத்தில் ஒரு லட்சம் டெபாசிட். மகள் கல்லூரிக்குப் போக இரண்டு வருடம்தான் இருக்கிறது, அந்தப் பணத்துக்குச் சித்தப்பா சொல்வதுதான் சரி. மிச்சம் மூன்று லட்சம், மாதம் 25,000 வீதம் பன்னிரண்டு மாதம், ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதி, நிஃப்டியில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கிவைக்கிற நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில். தனிப் பங்கு கிடையாது. போனில் தினமும் பார்க்கக்கூடாது. இந்தக் கடைசி விதிக்குக் காரணம் உண்டு: மார்க்கெட் ஏறுகிற நாட்கள் மொத்தத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான், இறக்கத்தின் வலியோ இரண்டு மடங்கு, அப்போது தினம் பார்க்கிறவனுக்கு லாபத்திலேயே இருந்தாலும் மனசுக்கு நஷ்டம். பெனார்ட்சி, தேலர் இருவரும் 1995-இல் இதை எழுதியிருக்கிறார்கள். மனசுக்கு நஷ்டமானால் கை சும்மா இருக்காது. பார்பர், ஓடின் என்ற இருவர் அமெரிக்காவில் 66,465 குடும்பங்களின் 1991–96 கணக்கை எடுத்துப் பார்த்தபோது, அதிகமாக வாங்கி விற்றவர்களுக்கு வருடம் 11.4 சதவீதம், சந்தைக்கு 17.9. சும்மா இருந்தவனைவிடப் பரபரத்தவன் பின்தங்கியிருக்கிறான்.

இதில் நான் விட்டதும் உண்டு. ஏப்ரல் 15-இல் முதல் தவணை போனபோது நிஃப்டி ஏற்கெனவே 23,300 தாண்டிவிட்டது, தடைக்காலம் முடிகிற நேரம் 24,700 பக்கம். மச்சான் பேச்சைக் கேட்டு ஏப்ரல் 7-லேயே மொத்தமும் போட்டிருந்தால் இன்னும் நல்ல லாபம். ஜூன் 14 ராத்திரி படகில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தபோது அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டினார், நான் மறுக்கவில்லை. அவர் சொன்ன அன்றைக்கு அவர் புதிதாக எதுவும் வாங்கவில்லை என்பதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பயமாக இருந்ததாம்.

கூடவே ஒரு நோட்டும் வைத்திருக்கிறேன், யார் என்றைக்கு என்ன சொன்னார்கள், அன்றைக்கு எண் என்ன என்று தேதி போட்டு, நான் சொன்னதையும் சேர்த்து. படகுக் கணக்கு மாதிரியே. கடைசியாக எழுதினது 2025 நவம்பர் 27. அன்றைக்கு நிஃப்டி 26,310 தொட்டு, பழைய உச்சத்தைப் பதினாலு மாதம் கழித்துத் தாண்டியது. மத்தியானம் மச்சான் போன் செய்து, "போதும் மாப்பிள, போட்ட காசு வந்துருச்சு, எல்லாத்தையும் வித்துட்டேன்" என்றார். சாயங்காலம் சித்தப்பா போன் செய்தார். சளி, மழை, சித்தி முழங்கால் எல்லாம் பேசிவிட்டு, வைக்கப்போகிற நேரத்தில், "தம்பி, அந்தப் பதினைஞ்சாம் தேதி நீ போடுறியே, அதுல எனக்கும் ஒரு அஞ்சு லட்சம் மொத்தமா போட முடியுமாடா?"